மூன்றாவது நரம்பியல் மருத்துவர்: ஒரு வலிப்பு நோயாளியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் படித்த மருந்தாளுநர், அவ்வளவுதான். இதில் வரும் குடும்பம் வெகு காலமாக என் கடைக்கு வருகிறவர்கள். அவர்கள் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். மருத்துவர்களின் அறைக்குள் நடந்த எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. தகப்பனார் வந்து சொன்னது, மருந்துச் சீட்டுகள், என் கடை பில் புத்தகம், கடைசியாக ஒரு கட்டு காலண்டர் தாள் ஆகியவற்றை வைத்துத்தான் இந்தப் பதிவு.

பெண்ணுக்கு அப்போது 16 வயது, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். தகப்பனார் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததில்லை, தலையில் அடிபட்டதில்லை. குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். அது உண்மையில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

2022 ஆகஸ்ட், ஊர்க் கோயில் கொடைத் திருவிழா. வில்லுப்பாட்டு முடிய விடியற்காலை மூன்று மணி ஆகிவிட்டது. ஆறரைக்கு எழுந்து முற்றம் தெளித்துக் கோலம் போட உட்கார்ந்தவள் கோலத்தின் மேலேயே விழுந்தாள். உடம்பு விறைத்து, கையும் காலும் வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துவிட்டாள். கொடை நடக்கிற ஊரில் இதைப் பார்த்தவர்கள் முதலில் சாமி வந்துவிட்டது என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. பிறகு யாரோ வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். இரண்டு நிமிடத்தில் அடங்கியது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும் என்பதால்தான் சாவிக்கு இத்தனை நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. செய்ய வேண்டியது ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், மணி பார்ப்பதும், வாயில் எதையும் வைக்காமல் இருப்பதும்தான். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

அரசு மருத்துவமனையில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து, மூளையில் நாடாப்புழுக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எதுவும் இல்லை. தூக்கம் கெட்டு ஒரு முறை வந்திருக்கிறது, மாத்திரை வேண்டாம், மறுபடி வந்தால் பார்ப்போம் என்று அனுப்பினார்கள். அவர்கள் கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவுதான். ஒரே ஒரு வலிப்பு வந்தவர் எல்லாருக்கும் வலிப்பு நோய் என்று பெயர் வைப்பதில்லை.

முதல் மருத்துவர், இரண்டாம் மருத்துவர்

இரண்டாவது வலிப்பு தீபாவளி விடியலில் வந்தது. ஒரு மணிக்குப் படுத்தவளை நான்கு மணிக்கு எண்ணெய்க் குளியலுக்கு எழுப்பியிருந்தார்கள்.

பக்கத்து டவுனில் 'நரம்பு டாக்டர்' என்றால் எல்லாரும் கைகாட்டுகிற ஒருவர் உண்டு. அவரிடம் போனார்கள். சீட்டில் எம்.சிஎச். என்றிருந்தது. அதாவது மூளை, தண்டுவட அறுவைச் சிகிச்சை நிபுணர். விபத்தில் தலை உடைந்தவர்கள் பலரைக் காப்பாற்றிய கை அது. ஆனால் மாத்திரையால் பார்க்க வேண்டிய வலிப்புக்குப் படித்தவர்கள், எம்.டி. முடித்து அதன் மேல் டி.எம். நியூராலஜி, அல்லது அதற்கு நிகரான டி.என்.பி. முடித்தவர்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டு பேருமே 'நியூரோ'தான். முதுகுவலிக்கு ஊசி போடுகிறவரும் 'நரம்பு டாக்டர்'தான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், ஆனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

கார்பமாஸிபைன் 200 மில்லிகிராம், காலையும் இரவும். சீட்டைக் கொண்டுவந்தார்கள், கொடுத்தேன்.

நவம்பர் கடைசியில் தாயார் மாத்திரை வாங்க வந்தபோது சொன்னார்: "இந்த மாத்திரைய ஆரம்பிச்சதுல இருந்து பொருளெல்லாம் கைநழுவிப் போடுதா அண்ணாச்சி. நேத்து காப்பி டம்ளர், முந்தாநாள் சீப்பு." மாத்திரை கொஞ்சம் அசதி கொடுக்கும்மா, பழகிவிடும் என்றேன். இந்த ஆய்வில் வரும் தவறுகளில் எனக்குத் தெரிந்து மிகப் பெரியது அந்த ஒரு வரிப் பதில்தான்.

2023 பொங்கல் வாரத்தில் மூன்றாவது வலிப்பு. இந்த முறை மதுரைக்குப் போனார்கள், பெரிய தனியார் மருத்துவமனை. அங்கே பார்த்தவர் முறையாக டி.எம். முடித்த நரம்பியல் மருத்துவர். ஆகவே படிப்பை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று இந்த நிகழ்வை வைத்துச் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஒன்றுமில்லை. மாலை நான்கு மணிக்கு, விழித்திருக்கும்போது, இருபது நிமிடம் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. மருத்துவரோடு பேசியது நான்கைந்து நிமிடம் இருக்கும் என்றார் தகப்பனார். எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்பவைதான் கேள்விகள். கார்பமாஸிபைன் இரட்டிப்பானது. இரவுக்கு பெனிடாயின் 300 மில்லிகிராம் சேர்ந்தது. நோயின் பெயர் எழுதும் இடத்தில் 'ஸீஷர் டிஸார்டர்' என்றிருந்தது. தமிழில் சொன்னால் 'வலிப்புக் கோளாறு'. வலிப்பு வருகிறது என்று போனவருக்கு வலிப்பு வருகிறது என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

கவனித்தவை

இதன் பிறகு பெண்ணின் நிலைமை இறங்கிக்கொண்டே போனது. ஈறு வீங்கியது, நடை தள்ளாடியது. மார்ச்சில் பொதுத்தேர்வுக் காலையில் ஒரு வலிப்பு வந்து, அந்தத் தாளைத் துணைத் தேர்வில் எழுத வேண்டியதாயிற்று. வகுப்பில் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடம் தெரியாமல் முழிக்கிறாள் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார்.

வலிப்பு வந்த நாள், நேரம், முந்தின இரவு தூங்கிய நேரம், மாத்திரை போட்டதா என்பதை எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். நோட்டு போட்டு எழுதுகிற வீடு இல்லை அது. சுவரில் தினசரி காலண்டர் தொங்கும், கிழித்த தாளின் பின்பக்கம்தான் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம். இந்த வேலையை அவளுடைய பத்து வயதுத் தம்பியிடம் விட்டுவிட்டார்கள். அவன் வலிப்பை மட்டும் எழுதவில்லை. அக்காவைப் பற்றிய புகார் அத்தனையும் எழுதினான்.

"அக்கா டம்ளரப் போட்டுட்டா. அம்மா திட்டுனா." "பிரஷ்ஷ எம்மேல எறிஞ்சா. கேட்டா எறியலங்கா." "கோலமாவு தெறிச்சு. 3 தடவ." ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் இப்படி நாற்பதுக்கு மேல் தாள். தாயார் அதை எடுத்துக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாமே காலை ஏழு மணிக்கு முன்னால் நடந்தவை என்பது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

மே மாதம் ஐந்தாவது வலிப்பு. அதுவும் விடியற்காலை.

மூன்றாவது மருத்துவரைத் தேடியது

மே கடைசியில் தகப்பனார் கடையை அடைக்கிற நேரத்தில் வந்து உட்கார்ந்தார். ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். முதலாளி சென்னைக்குப் போகச் சொன்னார். மச்சினர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் என்றார். பெரியம்மா ஒரு நாட்டு மருந்துப் பொடி. மதுரைக்கே திரும்பிப் போனால் மூன்றாவது மருந்து சேர்ப்பார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

பொடியை முதலில் ஒதுக்கினோம். ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடலாம், பொடி கொடுப்பவர்கள் முதலில் சொல்வதோ மாத்திரையை நிறுத்து என்பதுதான்.

ஸ்ரீசித்திராவைத் தள்ளிப் போட்டதற்குக் காரணம் வேறு. அங்கே 1995லிருந்து வலிப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள், நாள் கணக்கில் வீடியோவோடு இ.இ.ஜி. பதிவு செய்கிறார்கள். நோய்க்குப் பொருத்தமான இரண்டு மருந்தை சரியான அளவில் போட்டுப் பார்த்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று உலக அளவில் வரையறை இருக்கிறது. அந்த நிலையில் இப்படிப்பட்ட மையத்துக்குப் போவதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இவளும் இரண்டு மருந்து பார்த்துவிட்டாளே என்றார் தகப்பனார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டும் இவளுடைய நோய்க்குப் பொருத்தமானவையா என்பதே தெரியவில்லை, ஏனென்றால் நோயின் வகையை யாரும் எழுதவில்லை. முதலில் அதைச் சொல்லக்கூடியவர் வேண்டும், அவரும் அடிக்கடி போய்வரக்கூடிய தூரத்தில் வேண்டும். வருடக் கணக்கில் மாத்திரை போட வேண்டிய நோய்க்கு, பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் சேர்ந்துதான் மருத்துவர் தேர்வு.

விசாரித்த விதத்தைச் சொல்ல வேண்டும். யார் பெரிய டாக்டர் என்று கேட்டால் எல்லாரும் கட்டடத்தைத்தான் சொல்வார்கள். நான் கேட்டது கடைக்கு வரும் இரண்டு மெடிக்கல் ரெப்புகளையும், எனக்குப் பழக்கமான ஒரு இ.இ.ஜி. டெக்னீஷியனையும். டெக்னீஷியனிடம் ஒரே கேள்வி: "ராத்திரி முழிக்க வச்சு, காலையில தூங்க வச்சு இ.இ.ஜி. எழுதுற டாக்டர் யாரு?" வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே பாதிப் பேருக்குச் சாதாரண முதல் இ.இ.ஜி. ஒன்றும் காட்டாது. தூக்கத்தைக் கெடுத்து எடுத்தால் அகப்படுவது கூடும். அப்படிக் கேட்டு வாங்குகிற மருத்துவர் மூளையின் அலையைத் தேடுகிறார் என்று அர்த்தம். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வாரத்தில் ஒரு நாள் வலிப்புக்கென்றே தனி ஓபி நடத்துகிறவர்.

அரசு ஆஸ்பத்திரியா என்று தாயாருக்கு முகம் சுருங்கியது. மதுரையில் அவ்வளவு செலவழித்துவிட்டு அங்கே போவதா என்றார். ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்பதில்தான் சம்மதம் வந்தது.

அந்த ஓபி

2023 ஜூன். காலை ஏழரைக்குச் சீட்டுப் போட்டு, உள்ளே கூப்பிடும்போது மணி பன்னிரண்டு.

தகப்பனார் எம்.ஆர்.ஐ. உறையை நீட்டினாராம். மருத்துவர் அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, ஐந்து வலிப்பும் எத்தனை மணிக்கு வந்தன என்று கேட்டிருக்கிறார். அப்புறம் பெண்ணைப் பார்த்து, காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கையில் இருக்கிற சாமான் வெடுக்கென்று தெறித்துப் போகுமா என்று கேட்டிருக்கிறார். தாயார் முந்திக்கொண்டு, "அது கவனக்கொறவு சார், எப்பவும் அப்பிடித்தான்" என்றிருக்கிறார். மருத்துவர் அவரைக் கையமர்த்திவிட்டுப் பெண்ணின் பதிலுக்காகக் காத்திருந்தாராம். "கோலம் போடுறப்ப புள்ளி வைக்க முடியாது சார். கை தானா ஒதறும். மாவு தெறிச்சிரும்" என்றாள். எவ்வளவு நாளாக என்றதற்கு, பத்தாவது படிக்கும்போதிருந்து என்று பதில். அதாவது முதல் வலிப்புக்கும் ஒரு வருடத்துக்கு மேல் முன்னால்.

தம்பி எழுதிய காலண்டர் கட்டு அப்போதுதான் பையிலிருந்து வெளியே வந்தது. ராகு காலம், எமகண்டம் அச்சடித்த தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எல்லாவற்றையும் படித்தாராம். சில இடங்களில் சிரித்தாராம். வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் தகப்பனார் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூட வயதில் அவளுக்கு வந்திருக்கிறது, கல்யாணத்துக்காக மறைத்தது அப்படியே மறந்தும் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து, இரவு முழுக்க விழிக்கவைத்துக் காலையில் இ.இ.ஜி. எடுத்தார்கள். மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கூரிய அலைகள் கொத்துக் கொத்தாக வந்தன. கண்ணில் விளக்கைச் சிமிட்டியபோது இன்னும் கூடின. சீட்டில் முதல் முறையாக ஒரு பெயர் எழுதப்பட்டது: ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி. விடலைப் பருவத்தில் தொடங்கி, காலையில் கை உதறி, தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பாக வரும் வகை. அரிய நோய் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாது என்பது இதன் இயல்பு.

கார்பமாஸிபைனும் பெனிடாயினும் வேறு வகை வலிப்புகளுக்கு நல்ல மருந்துகள். இந்த வகையில் கை உதறலையும் வெறித்துப் பார்ப்பதையும் கூட்டிவிடக்கூடியவை. எட்டு மாதமாக நான் எண்ணிக் கொடுத்தது அதைத்தான்.

மருந்து முடிவும் காரணமும்

இந்த வகைக்கு அதிகம் பலன் தருவது வால்ப்ரோயேட். மருத்துவர் அதை எழுதவில்லை, ஏன் எழுதவில்லை என்பதைப் பெண்ணிடமே விளக்கியிருக்கிறார். கர்ப்ப காலத்தில் அந்த மருந்து உடம்பில் இருந்தால் நூறு குழந்தைகளில் பத்துக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், முப்பது நாற்பது குழந்தைகளுக்கு மனவளர்ச்சியில் சிக்கல் வரலாம். பதினேழு வயதில் ஆரம்பிக்கிற மருந்து பல வருடம் ஓடும். அப்போது யோசித்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. லாமோட்ரிஜின் ஒரு வழி. ஆனால் தோலில் கடுமையான ஒவ்வாமை வராமல் இருக்க வாரக் கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும், சிலருக்குக் கை உதறலைக் கூட்டவும் செய்யும். ஆகவே லெவெடிராஸிடம். 250 மில்லிகிராம் இரண்டு வேளையில் தொடங்கி 750 வரை ஏற்றம். பழைய இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக வாரக் கணக்கில் இறக்கம். எந்த வாரம் எது எத்தனை என்று கட்டம் போட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கடையில் ஒட்டிவைத்தேன்.

தாயார் கேட்காமல் கேட்ட கேள்வி கல்யாணத்தைப் பற்றியது. வலிப்பு நோய் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு தடையாக இருந்து 1999ல் நீக்கப்பட்டது என்பதை மருத்துவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு நடந்தது

முதல் ஆறு வாரம் நன்றாக இல்லை. உதறல் குறைந்தது, கோபம் வந்தது. தம்பியின் டிபன் டப்பாவைத் தூக்கி எறிந்தாள், இந்த முறை நிஜமாகவே எறிந்தாள். லெவெடிராஸிடத்தில் எரிச்சல், மனச்சோர்வு வருவது தெரிந்த பக்க விளைவு. தகப்பனார் மாத்திரையை நிறுத்தக் கிளம்பிவிட்டார். வலிப்பு ஓபியில் ஒரு செவிலியரின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள், கூப்பிட்டார். ஏற்றத்தை நிறுத்தி, இரண்டு வாரம் அதே அளவில் இருக்கச் சொல்லிவிட்டு, தற்கொலை எண்ணம் மாதிரிப் பேச்சு ஏதும் உண்டா என்று பெண்ணிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறார்கள். அதன் பின் மெல்லத் தணிந்தது. கூப்பிட ஒரு எண் இருந்ததும், மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருந்ததும்தான் இந்த இடத்தில் சிகிச்சையைக் காப்பாற்றியது. மதுரையில் அடுத்த அப்பாயின்மென்ட் மூன்று மாதம் கழித்து.

அக்டோபர் 2023க்குள் பழைய இரண்டு மருந்தும் போய்விட்டன. ஈறு வீக்கம் வடிந்தது. துணைத் தேர்வில் பாஸாகி, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். கை உதறல் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ.

2024 நவம்பரில் ஒரு பெரிய வலிப்பு. ஹாஸ்டலில் கலைவிழா, இரண்டு இரவு தூக்கமில்லை, மாத்திரை டப்பா பெட்டிக்குள். மருந்து தோற்றதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் மருந்தை மாற்றவில்லை. அறைத் தோழிகள் இரண்டு பேருக்கு முதலுதவி சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகு இதை எழுதும் வரை இல்லை. ஸ்கூட்டி ஓட்டக் கூடாது என்பதில் அவளுக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

மதுரை மருத்துவரைக் குற்றம் சொல்லத் தகப்பனாருக்கு ஆசை. எனக்குப் பாதிதான் சம்மதம். அவர் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் அத்தையின் நோயை மறைத்தும், கை உதறலைக் கவனக்குறைவு என்று ஒதுக்கியும் கொண்டுபோன குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்தவர் அவர். அப்படி ஒரு காலண்டர் கட்டு ஜனவரியில் அவர் மேசைக்குப் போயிருந்தால் அவரும் கண்டுபிடித்திருக்கலாம். இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதற்கு முன் வகை என்ன என்று நின்று யோசிக்கவில்லை என்பதை மட்டும் அவர் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

மார்ச் வலிப்பை வீட்டில் ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை. ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் செல்போனில் எடுத்திருந்தால், அதைவிடக் காலைக் கோலத்தை ஒரு நாள் எடுத்திருந்தால், ஜூன் வரை போயிருக்க வேண்டியதில்லை.

என் பங்கு: எம்.சிஎச்., டி.எம். வித்தியாசத்தை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். டிசம்பரில் சரக்கு இல்லாமல் கார்பமாஸிபைனை வேறு கம்பெனி மாத்திரையாகக் கொடுத்திருக்கிறேன், பில் புத்தகத்தில் இருக்கிறது. வலிப்பு மருந்தில் கம்பெனியை மாற்றும்போது மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்று எனக்குத் தெரியும். அதனால் இவளுக்குக் கெடுதல் ஆனதா என்று சொல்ல முடியாது. இப்போது வலிப்பு மாத்திரை வாங்குகிறவர்களின் கம்பெனியைத் தனி நோட்டில் குறித்து, ஒரு வாரம் முன்னாலேயே சரக்கு எடுத்துவைக்கிறேன். 'மாத்திரை ஆரம்பித்த பிறகு' என்று யாராவது பேச்சை எடுத்தால், பழகிவிடும் என்று சொல்வதில்லை. என்ன, எப்போது, எத்தனை மணிக்கு என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கையில் கொடுக்கிறேன்.

கோயம்புத்தூரில் அவசரத்துக்கு ஒரு நரம்பியல் மருத்துவர் வேண்டும் என்று இந்த வருடம் அவளே தேடினாள். மூன்று இடத்துக்கு போன் பண்ணியிருக்கிறாள். வலிப்பு வகையின் பெயர், இ.இ.ஜி. தேதி, போட்டுப் பார்த்த மருந்துகள், வால்ப்ரோயேட் ஏன் வேண்டாம் என்பது வரை ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோயிருக்கிறாள். முதலில் பார்த்தவர் அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு மருந்தெழுதத் தொடங்கினாராம். "படிக்காம வச்சிட்டாரு அண்ணாச்சி, அதான் எந்திரிச்சு வந்துட்டேன்" என்றாள். இரண்டாவது பார்த்தவர் படித்தார். இப்போது அவரிடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்வருகிறாள்.